செட்டிநாட்டு வீட்டுக்குள் ஒரே ஷாட்: கிம்பல் தேர்ந்தெடுத்துப் பழகிய பதிவு

செட்டிநாட்டு வீடுகளில் தூண், நிலைக்கதவின் மரவேலை, ஆத்தங்குடி டைல்ஸ் என்று தனித்தனியாகப் படம் எடுப்பது பெரிய வேலை இல்லை. அந்த வீடுகளின் நீளத்தைக் காட்டுவதுதான் கஷ்டம். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். இடையில் முகப்பு, வளவு என்ற திறந்த முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாக வரும். எல்லாக் கதவையும் திறந்துவைத்தால் முன்வாசலில் நின்றே பின்வாசல் வெளிச்சத்தைப் பார்த்துவிடலாம். இதைப் பார்ப்பவருக்கு உணர்த்த வேண்டுமென்றால் கேமராவும் வீட்டுக்குள் நடக்க வேண்டும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு நண்பரின் பூர்வீக வீட்டை, அவர்கள் குடும்பத்துக்காகப் பதிவு செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறும் வரை வெட்டே இல்லாமல் ஒரு ஷாட். அதற்காகத்தான் கேமராவை நடுங்காமல் தாங்கும் கிம்பல் என்ற கருவியைத் தேடத் தொடங்கினேன். என்னிடம் இருப்பது சோனி ஏ6400. நல்ல கேமரா, ஆனால் உடலுக்குள் சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி அதில் கிடையாது. கையில் பிடித்து நடந்தால் ஒவ்வோர் அடியும் படத்தில் தெரியும்.

வாங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. கிம்பலில் மூன்று மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று கேமராவை இடம் வலமாகத் திருப்பும், அது பேன். ஒன்று மேலும் கீழும் சாய்க்கும், அது டில்ட். இன்னொன்று பக்கவாட்டில் சரிவதைச் சரிசெய்யும், அது ரோல். உள்ளே இருக்கும் கைரோ சென்சார் கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடித்ததும், மோட்டார் அதற்கு எதிர்த்திசையில் திருப்பி நேராக்கிவிடும். அதாவது கிம்பல் சரிசெய்வது திரும்புதலை மட்டும்தான். நடக்கும்போது நம் உடம்போடு சேர்ந்து கேமராவும் ஏறி இறங்குகிறதே, அதற்கென்று அதில் மோட்டார் இல்லை.

அந்த ஏற்ற இறக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தெரியாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கேமரா கொஞ்சம் திரும்பினால், பக்கத்தில் உள்ள பொருளும் தூரத்தில் உள்ள பொருளும் ஒன்றாகவே நகரும். ஆனால் கேமரா 2 செ.மீ. மேலே போனால், தூரத்துக் கோபுரம் அசையவே அசையாது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தூண் துள்ளும். வயல்வெளியிலோ கடற்கரையிலோ கிம்பலோடு ஓடினால்கூடப் படம் வழுக்கிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான். வீட்டுக்குள் எல்லாமே பக்கத்தில் இருக்கிறது. தூண், கதவு நிலை, சுவர், தரை எல்லாம் நம் காலடியைக் காட்டிக்கொடுக்கும். விளம்பர வீடியோக்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் எடுக்கப்படுபவை. அதை நம்பி வாங்கி, கல்யாண மண்டபத்துக்குள் நடந்து பார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எதை வாங்குவது? எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை கிலோ தாங்கும் என்பதைத்தான். நான் அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைப்பேன். முதலில் நம்மிடம் இருப்பதை எடைபோட வேண்டும். ஏ6400 பேட்டரி, கார்டோடு 403 கிராம். நான் பயன்படுத்தும் சிக்மா 16 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் 405 கிராம். மொத்தம் 808 கிராம். ஃபில்டரையும், கேமராவைக் கிம்பலில் பொருத்தும் அடிப்பக்கத் தட்டையும் சேர்த்தாலும் 1 கிலோவைத் தொடாது. டிஜேஐ நிறுவனத்தின் ஆர்எஸ் 3 கிம்பல் தாங்கும் எடை 3 கிலோ, அதன் சொந்த எடை தட்டுகளோடு சுமார் 1.3 கிலோ. 2023-இல் வந்த ஆர்எஸ் 3 மினி 2 கிலோ தாங்கும், அதன் எடை 795 கிராம். என் கேமராவோடு சேர்த்தால் மினியில் சுமார் 1.6 கிலோ, பெரியதில் 2.1 கிலோ.

அரை கிலோ வித்தியாசம்தானே என்று கடையில் நின்று பார்க்கும்போது தோன்றும். ஆனால் அந்த எடையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து தாங்க வேண்டும். சில நிமிடங்களிலேயே தோள் இறுகும். தோள் இறுகினால் கை விறைக்கும், கை விறைத்தால் காலடியின் அதிர்வு நேராகக் கேமராவுக்குப் போய்விடும். எவ்வளவு எடை தாங்கும் என்பது கிம்பலின் பலத்தைச் சொல்லும். எவ்வளவு எடை இருக்கிறது என்பதுதான் ஷாட்டின் கடைசி நிமிடம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும். அதனால் மினியையே எடுத்தேன்.

பெரிய சென்சார் கொண்ட முழு பிரேம் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. சோனி ஏ7 III உடல் 650 கிராம், டாம்ரான் 28-75 எஃப்/2.8 லென்ஸ் 550 கிராம். 1.2 கிலோ என்பதால் எண்ணளவில் மினியே தாங்கும். ஆனால் அந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது முன்னால் நீளும், நீண்டால் பேலன்ஸ் மாறும். ஏதோ ஒரு நீளத்தில் பேலன்ஸ் செய்துவிட்டு அங்கேயே நிற்பவராக இருந்தால் பரவாயில்லை. அடிக்கடி மாற்றுபவர் என்றால் மோட்டாரில் பலம் மிச்சம் இருக்கும் பெரிய கிம்பலுக்குப் போவதே நல்லது. இல்லையென்றால் நீளாத லென்ஸாகப் பார்க்கலாம். ஏ6400 போன்ற சிறிய சென்சார் கேமரா என்றால், அதற்கென வரும் சோனியின் 10-20 எஃப்/4 பவர் ஜூம் லென்ஸ் ஜூம் செய்தாலும் வெளியே நீளாது, எடையும் 178 கிராம்தான். நடந்துகொண்டே எடுப்பதற்காகவே புதிதாக லென்ஸ் வாங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். அதிக வெளிச்சம் தரும் எஃப்/1.4 இருக்கட்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் நடக்கும்போது அவ்வளவு திறந்து எடுத்தால் ஃபோகஸ் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. என்னிடம் சிக்மா ஏற்கெனவே இருந்தது, இருட்டறையில் நின்று எடுக்கும் ஷாட்களுக்கு அது தேவைப்பட்டது. அதனால் அதையே வைத்துக்கொண்டேன்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கேமராவைக் கட்டாயம் கொண்டுபோங்கள். கிம்பலில் பொருத்தி, லென்ஸை நேராக வானத்தைப் பார்க்கத் திருப்பிப் பாருங்கள். கேமராவின் பின்பக்கம் ரோல் மோட்டாரில் இடிக்கிறதா? பின்திரை முழுதாகத் தெரிகிறதா? திரையை வெளியே மடக்கினால் கைப்பிடியில் முட்டுகிறதா? அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: பேட்டரிக் கதவு. ஏ6400-இல் பேட்டரி, கார்டு இரண்டுமே அடிப்பக்கக் கதவுக்குள் இருக்கின்றன. தட்டைத் திருகிவிட்டால் அந்தக் கதவு திறக்காது. ஒவ்வொரு முறையும் தட்டைக் கழற்றினால் பேலன்ஸ் போய்விடும். அதனால் நான் பெரிய கார்டாகப் போட்டுக்கொள்கிறேன். 4கே-யில் விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் 1 மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு இருந்தால் ஒரு வேளைக்கு மேல் கவலை இல்லை. இடைவேளையில் பக்கவாட்டில் உள்ள யுஎஸ்பி வழியாக பவர்பேங்கில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

முடிந்தால் வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். விவரப்பட்டியலைப் படிப்பதைவிட அதில் அதிகம் தெரியும்.

இனி பேலன்ஸ். இதை அவசரமாகச் செய்பவர்களே அதிகம். மோட்டார்தான் தாங்கிக்கொள்கிறதே, எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். தாங்கும்தான். ஆனால் சரிந்து கிடக்கும் எடையைத் தூக்கிப் பிடிப்பதிலேயே மோட்டாரின் பலம் செலவாகிவிட்டால், திடீரென்று ஓர் அதிர்வு வரும்போது அதை அடக்க மிச்சம் இருக்காது. மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும், சில சமயம் மெல்லிய நடுக்கம் படத்திலேயே தெரியும்.

கிம்பலை ஆன் செய்யாமல் வைத்துத்தான் பேலன்ஸ் பார்க்க வேண்டும். படம் எடுக்கும்போது கேமரா எப்படி இருக்குமோ அப்படியே எல்லாம் இருக்கட்டும்: லென்ஸ் மூடியைக் கழற்றி, ஃபில்டரை மாட்டி, பேட்டரியும் கார்டும் போட்டு, திரையை எந்தக் கோணத்தில் வைக்கப் போகிறோமோ அந்தக் கோணத்தில் வைத்து. கழுத்துப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், ஆடும் பட்டை பேலன்ஸைக் கெடுக்கும். தட்டின் திருகை இறுக்கமாக முடுக்க வேண்டும். கேமரா தட்டின் மேல் துளி திரும்பினாலும் எல்லாம் வீண்.

முதலில் டில்ட். மற்ற இரண்டு அச்சையும் பூட்டிவிட்டு லென்ஸை மேல்நோக்கித் திருப்புங்கள். கையை எடுத்ததும் முன்னாலோ பின்னாலோ விழுந்தால், கேமராவின் உயரத்தை மாற்ற வேண்டும். அங்கே நின்றுவிட்டால் லென்ஸை நேராக முன்னால் பார்க்க வையுங்கள். மூக்குப் பக்கம் சாய்ந்தால் கேமராவைப் பின்னால் தள்ளுங்கள், பின்பக்கம் சாய்ந்தால் முன்னால். இந்த இரண்டும் சரியானால் 45 டிகிரியில் விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். அதுதான் சோதனை. அடுத்து ரோல். அதன் பூட்டைத் திறந்து, எந்தப் பக்கம் சரிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். கடைசியாகப் பேன். கைப்பிடியை முன்னால் சாய்த்துப் பிடித்தால், பேலன்ஸ் இல்லாத கிம்பல் தண்டு தானாகச் சுழன்று இறங்கும். நிற்கும் வரை அந்தத் தண்டை நகர்த்த வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் அச்சு சரியில்லாமல் அடுத்ததற்குப் போனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாம் நின்றதும், ஒவ்வொரு தண்டிலும் உள்ள அளவுக்கோட்டைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டேன். அதே லென்ஸ், அதே ஃபில்டர் என்றால் அடுத்த முறை சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பிறகு ஆன் செய்து, ஆட்டோ டியூன் கொடுத்தால் அந்த எடைக்கு ஏற்ற மோட்டார் விறைப்பை அதுவே அமைத்துக்கொள்ளும். அதன் பின்னும் கைப்பிடியில் ரீங்காரம் போல அதிர்வு இருந்தால் விறைப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். கேமரா தொய்ந்தால் கூட்டலாம்.

கிம்பலில் பல நிலைகள் இருந்தாலும் இந்த வேலைக்கு நான் பயன்படுத்தியது பேன் ஃபாலோ ஒன்றுதான். அதில் கேமரா நாம் திரும்பும் பக்கம் திரும்பும், மேலும் கீழும் சாயாது. தூண்கள் நிறைந்த வீட்டுக்கு இது அவசியம். கேமரா துளி மேல்நோக்கிச் சாய்ந்தாலும் தூண்கள் உள்பக்கமாகச் சாய்வது போலத் தெரியும். பர்மா தேக்குத் தூண் நேராக நிற்பதுதான் அழகு. கிம்பல் திரும்பும் வேகத்தை நடுவாந்திரமாக வைத்தேன். மிகவும் மெதுவாக வைத்தால், நாம் திரும்பிய பிறகும் கேமரா சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். வேகமாக வைத்தால், நம் கை லேசாகத் தடுமாறுவதையும் அது பின்தொடரும். ஏ6400 சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வாசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் அதிகம். வேகமாகத் திரும்பினால் நேர்க்கோடுகள் சரிந்து தெரியும். ஆகவே திருப்பங்களை மெதுவாகவே எடுக்க வேண்டும். கதவு நிலைகளைத் தாண்டும்போது முன்பக்க ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் நாம் எப்படி நெளிந்தாலும் கேமரா ஒரே திசையைப் பார்க்கும்.

கேமரா அமைப்பில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. துளை எஃப்/4. 16 மி.மீ. லென்ஸில் எஃப்/4 வைத்து 3.2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸைப் பூட்டிவிட்டால், சுமார் 1.6 மீட்டரில் இருந்து கடைசி வரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஏ6400-இன் ஆட்டோஃபோகஸ் மிக நல்லது, ஆனால் வாசல் வாசலாக நுழையும்போது கதவு நிலைக்கும் உள்ளறைக்கும் மாறி மாறித் தாவும். அந்த லென்ஸில் தூர அளவு குறிக்கப்பட்டிருக்காது. அதனால் டேப் வைத்து அளந்து ஒரு தூணை ஆட்டோஃபோகஸில் பிடித்து, அப்படியே மேனுவலுக்கு மாற்றிவிட்டேன்.

வெளிச்சம்தான் பெரிய சவால். வளவு திறந்தவெளி. நடுப்பகலில் அங்கே கொட்டும் வெளிச்சத்துக்கும் இரண்டாங்கட்டின் உள்ளறைக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது. வளவுக்காக, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டால் உள்ளறை கறுத்துவிடும், கழற்றினால் வளவு வெளுத்துவிடும். நடக்கும்போது ஃபில்டரைத் திருப்பவும் முடியாது, அதற்குக் கை வேண்டும், கை பட்டால் கிம்பல் அசையும். வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் 100 முதல் 3200 வரை விட்டால் கிடைப்பது 5 ஸ்டாப்தான், அதாவது 32 மடங்கு வெளிச்ச வேறுபாடுதான். ஆகவே கருவியை விட்டுவிட்டு நேரத்தை மாற்றினேன். விடிந்து, வெயில் இன்னும் வளவுக்குள் இறங்காத நேரம். எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்து, மஞ்சள் பல்புகளை அணைத்துவிட்டால் வீடு முழுக்க ஒரே வான வெளிச்சம். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டிவிடலாம். அந்த நேரத்தில் 5 ஸ்டாப் போதுமானதாக இருந்தது, என்டி ஃபில்டரே தேவைப்படவில்லை. அதைக் கழற்றியதும் மறக்காமல் கிம்பலின் பேலன்ஸை மீண்டும் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது நடை. நிறைகுடம் சுமந்து வருபவர்களின் நடையைப் பார்த்திருப்பீர்கள், இடுப்புக்கு மேல் எதுவும் அசையாது. அதேதான் இங்கும் வேண்டும். முழங்காலை எப்போதும் லேசாக மடித்து வைத்து, குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை உருட்டி விரல்வரை கொண்டுவர வேண்டும். அடி சின்னதாக இருக்கட்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டாமல் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் கையே ஸ்பிரிங்காக வேலை செய்யும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் செருப்புப் போட முடியாது என்பது எனக்கு வசதியாகவே அமைந்தது. ஆத்தங்குடி டைல்ஸ் வழுவழுப்பானவை, கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமென்ட்டை ஊற்றிச் செய்வதால் வரும் வழுவழுப்பு அது. வெறுங்காலில் தரையை உணர்ந்து பாதத்தை உருட்ட முடிகிறது.

கஷ்டமெல்லாம் நிலைப்படிகளில்தான். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலை, கீழே உயரமான படி, மேலே தாழ்வான சட்டம். வீட்டு ஆச்சி முதல்நாளே எச்சரித்தார்: "தம்பி, பார்த்து வாங்க. நிலை தாழ்வா இருக்கும், குனிஞ்சு வரணும்." காலைத் தூக்கிப் படியைத் தாண்டும்போது உடம்பு எழும், உடனே குனிய வேண்டும், பக்கத்திலேயே கதவுச் சட்டம் இருக்கிறது. கேமரா எழுந்து தாழ்வதை மறைக்க அங்கே இடமே இல்லை. இதற்கு நான் கண்ட வழி, வாசலுக்கு நான்கைந்து அடி முன்பே முழங்காலை இன்னும் மடித்துத் தாழ்ந்துவிடுவது. தாண்டும் கால் எழும்போது கையை அதே அளவு கீழே இறக்குவது. தாண்டிய பிறகு இரண்டு மூன்று அடிகளில் மெதுவாக நிமிர்வது. கிம்பல் இல்லாமல், ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு இதைப் பழகிப் பார்த்தது உதவியது. தூண்களின் ஓரமாக உரசிக்கொண்டு போகாமல் நடுவழியாகவே நடந்தேன். தூரம் கூடக் கூடத் துள்ளல் குறைகிறது என்பதைத்தான் முன்பே சொன்னேனே.

இவ்வளவு செய்தும் வளவைச் சுற்றி வரும் இடத்தில் லேசான ஏற்ற இறக்கம் தெரிந்துகொண்டே இருந்தது. அதற்கு விடை ஆச்சியிடம் இருந்து வந்தது. சாவிக்கொத்தோடு முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த அவரைப் பின்தொடர்ந்து ஓர் ஒத்திகை எடுத்தேன். திரையில் போட்டுப் பார்த்தால் துள்ளல் கண்ணில் படவே இல்லை. பார்ப்பவரின் கண் நடந்துபோகும் மனிதரைப் பிடித்துக்கொள்கிறது, அவரும் நடையில் ஏறி இறங்குவதால் கேமராவின் அசைவு இயல்பாகத் தெரிகிறது. அவர் நடக்கும் வேகமே எனக்கும் சரியான வேகமாக இருந்தது. அவரிடம் கேட்டபோது, "நான் எதுக்குப்பா படத்துல" என்று முதலில் தயங்கி, பிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்தார். இறுதி ஷாட் அவரைப் பின்தொடர்ந்தே எடுத்தது. ஆளில்லாத வீட்டை விட, அதில் வாழ்ந்தவர் முன்னால் நடந்து போகும் வீடு அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு மேல் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. கேமராவின் மைக்கில் கிம்பல் மோட்டார் ஒலியும் என் மூச்சும் பதிவாகும். ஆச்சியின் காலடி, தாழ்ப்பாள், கதவு முனகல் எல்லாவற்றையும் கிம்பலை வைத்துவிட்டுத் தனி ரெக்கார்டரில் எடுத்துச் சேர்த்தேன்.

எடிட்டிங்கில் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின், நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனை, டிரான்ஸ்லேஷன் என்ற நிலையில் மட்டும், மிகக் குறைவாகக் கொடுத்தேன். திரும்புதலைக் கிம்பல் ஏற்கெனவே அடக்கிவிட்டது, மிச்சம் இருப்பது பெரும்பாலும் மேல் கீழ் அசைவுதான், அந்த நிலை படத்தை மேல் கீழாகவும் இடம் வலமாகவும் நகர்த்துமே தவிரச் சுழற்றாது. 4கே-யில் எடுத்து 1080-இல் முடித்ததால், ஓரம் வெட்டுப்படுவதும் தெரியவில்லை. அளவைக் கூட்டினால் மட்டும் கவனம் தேவை. பக்கத்துத் தூணை நிறுத்தப் போனால் தூரத்துச் சுவர் ஆடத் தொடங்கும், இரண்டையும் ஒன்றாக நிறுத்த மென்பொருளால் முடியாது. நிலைப்படிகளைத் தாண்டும் இடங்களில் அதை முழுவதுமாக அணைத்துவிட்டு, நடந்தது நடந்தபடியே விட்டிருக்கிறேன்.